இங்கிலீஷ்ல பன்மைக்கு முன்னாடி "தி" போடணுமா வேணாமா? தமிழ வச்சே கண்டுபிடிக்கலாம்

ஒரு தடவை வேலை விஷயமா ஒருத்தருக்கு மெயில் போட்டேன். அவர் லிஸ்ட் போட்டுக் குடுத்திருந்த 11 தப்பையும் ரெண்டு நாள் உக்காந்து சரி பண்ணிட்டு "வி ஹாவ் ஃபிக்ஸ்ட் எரர்ஸ்"னு ஒரே வரில எழுதி அனுப்பிட்டேன். கொஞ்ச நேரத்துல பதில் வருது, சரி, எதெல்லாம் முடிஞ்சுது, மிச்சம் எப்ப முடியும்னு. எனக்கு ஒண்ணும் புரியல, மிச்சமே இல்லையே, எல்லாம் முடிச்சுட்டுத்தான மெயிலே போட்டோம்னு என் வரியையே திரும்பத் திரும்பப் படிச்சுப் பாத்தப்பதான் தெரிஞ்சுது, நடுவுல ஒரு "தி" விட்டுப்போச்சு. "ஃபிக்ஸ்ட் தி எரர்ஸ்"னு இருந்தா நீங்க சொன்ன தப்பு அத்தனையும் முடிஞ்சுதுன்னு அர்த்தம். "தி" இல்லன்னா ஏதோ சில தப்பை சரி பண்ணோம்ங்கற மாதிரிதான் கேக்கும். அவர் கேட்டது நியாயம்.

ஸ்கூல்ல நமக்கு சொல்லிக் குடுத்தது என்னன்னா, ஒரு பொருளை முதல் தடவை சொல்லும்போது "எ", ரெண்டாவது தடவை "தி". அது ஒருமைக்கு ஓரளவு ஓடும். பன்மைக்கு "எ"ன்னு ஒண்ணே கிடையாதே, அங்க "தி" போடறதா இல்ல வெறுமனே விடறதாங்கறதுதான் கேள்வி, அதுலதான் நம்மள்ல நிறைய பேர் தடுமாறறோம். தமிழ்ல "தி"க்கு சமமா தனியா ஒரு சொல் கிடையாது, அதனால வராதுன்னு சொல்லுவாங்க. நான் அதை ஒத்துக்க மாட்டேன். சொல்தான் இல்ல, அந்த வித்தியாசம் தமிழ்ல நல்லாவே இருக்கு, நாம தினமும் பேசறோம்.

மேல நான் எழுதின வரியையே பாருங்க. "11 தப்பையும் சரி பண்ணிட்டு"ன்னு எழுதியிருக்கேன். "11 தப்பு சரி பண்ணேன்"னு எழுதல. அந்த "ஐ"யும் "உம்"மும் சேந்து செய்யற வேலையத்தான் இங்கிலீஷ்ல "தி" செய்யுது.

மொதல்ல "உம்". "மூணு பேர் வந்தாங்க"ன்னா யாரோ மூணு பேர், "த்ரீ பீப்பிள் கேம்". "மூணு பேரும் வந்தாங்க"ன்னு சொன்னா யார் அந்த மூணு பேர்னு கேக்கறவங்களுக்கு ஏற்கனவே தெரியும், அவங்க மொத்தமே மூணு பேர்தான், "தி த்ரீ பீப்பிள் கேம்". இலக்கணத்துல இதை முற்றும்மைன்னு சொல்லுவாங்க, ஒண்ணு விடாம மொத்தமும்னு முடிச்சு வைக்கற உம். பன்மையோட வர்ற "தி"க்கும் இதே குணம்தான். "தி டூ டோர்ஸ் ஆஃப் தி ரூம்"னு எழுதினா அந்த ரூமுக்கு ரெண்டே கதவுன்னு சொல்லாம சொல்லிட்டீங்க. "தி ஸ்டூடன்ட்ஸ் பாஸ்ட்"னா அந்த கிளாஸ் முழுக்க பாஸ்.

அடுத்தது "ஐ". "மரம் வெட்டினாங்க"ன்னா என்ன மரமோ எத்தனையோ, வேலை மரம் வெட்டறது, "தே கட் ட்ரீஸ்". "மரங்களை வெட்டிட்டாங்க"ன்னா நமக்குத் தெரிஞ்ச மரங்கள், "தே கட் தி ட்ரீஸ்". "ஃபைல் அனுப்பினேன்", "ஃபைலை அனுப்பிட்டேன்", இந்த ரெண்டையும் வாய்விட்டு சொல்லிப் பாருங்க. ரெண்டாவதைக் கேட்டா நீங்க கேட்டீங்களே அந்த ஃபைல்னு காதுலயே விழுது. ஒரு இங்கிலீஷ் வாக்கியத்துல மாட்டிக்கிட்டா அதையே தமிழ்ல சொல்லிப் பாத்து "ஐ" தானா ஒட்டுதான்னு கவனிங்க, ஒட்டினா பெரும்பாலும் அங்க "தி" வரும்.

ஆனா இது ஒரு இடத்துல கவுத்துடும், கவனமா இருக்கணும். மனுஷங்களைப் பத்திப் பேசும்போது தமிழ்ல "ஐ" எப்படியும் வரும். "குழந்தைங்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும்"னு சொல்றோம், எந்தக் குழந்தையையும் மனசுல வச்சுக்காம பொதுவா. இதைப் பாத்துட்டு "ஐ லைக் தி சில்ட்ரன்"னு எழுதினா யாரோ குறிப்பிட்ட பிள்ளைங்களைப் பத்தி சொல்றதா ஆயிடும். "ஐ லைக் சில்ட்ரன்"தான் சரி. விலங்கு விஷயத்துலயும் இப்படி ஆகும். அதனால ஆளுங்க, பிராணிங்க வர்ற இடத்துல "ஐ"யை நம்பாம, எந்தக் குழந்தைங்கன்னு நீங்களே உங்களைக் கேட்டுக்கங்க. கை நீட்டிக் காட்ட ஒரு கூட்டம் இருந்தா "தி", இல்லன்னா வேணாம்.

நிறைய பேர் தப்பு பண்றது இந்தப் பொதுவா சொல்ற இடத்துலதான். ஒரு இனம் முழுசையும் பத்தி சொல்லும்போது எல்லாத்தையும் சேத்துத்தான சொல்றோம், அப்ப "தி" வரணும்லன்னு தோணும். வராது. "டாக்ஸ் ஆர் லாயல்"னா நாய்னாலே விசுவாசம். "தி டாக்ஸ் ஆர் பார்க்கிங்"னா இப்ப வெளிய குரைக்கிற நாய்ங்க. ஒருமைல மட்டும் ஒரு வேடிக்கை உண்டு, "தி டைகர் இஸ் எ வைல்ட் அனிமல்"னா புலிங்கற இனத்தையே குறிக்கும், ஆனா அதைப் பன்மையாக்கினா "டைகர்ஸ் ஆர் வைல்ட் அனிமல்ஸ்"னு "தி"யைத் தூக்கிடணும். மக்கள் கூட்டத்துக்கு இதுல விதிவிலக்கு இருக்கு, "தி ரோமன்ஸ் பில்ட் ரோட்ஸ்"னு வரலாத்துல எழுதுவாங்க, அந்த மொத்த சமூகத்தையும் ஒரே ஆளா பாக்கறதால.

"தி"ன்னா "அந்த"ன்னு மனப்பாடம் பண்ணி வச்சிருக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். "தி", "தட்" ரெண்டும் பழைய இங்கிலீஷ்ல ஒரே சுட்டுச்சொல் குடும்பம்தான், அதனால "அந்த"ன்னு நெனைக்கறது முழுத் தப்பு இல்ல. ஆனா காலப்போக்குல "தி" சுட்டிக் காட்டற வேலைய "தட்"கிட்ட விட்டுட்டு, உங்களுக்கும் எனக்கும் தெரிஞ்சதுன்னு சொல்ற வேலைக்கு வந்துடுச்சு. "ஐ பாட் எ கார். தி டயர்ஸ் வேர் ஓல்ட்." டயரைப் பத்தி இப்பதான் முதல் தடவையா பேசறோம், ஆனாலும் "தி", ஏன்னா கார்னு சொன்ன உடனே அதோட டயரும் தெரிஞ்சதாயிடுச்சு. தமிழ்ல இங்க "அந்த டயருங்க"ன்னு யாரும் சொல்ல மாட்டோம், "டயரெல்லாம் பழசு"ன்னுதான் சொல்லுவோம். பாருங்க, அந்த "எல்லாம்"ல மறுபடியும் உம் வந்து நிக்குது.

பின்னாடி ஒரு விளக்கம் ஒட்டிக்கிட்டு வந்தா கட்டாயம் "தி"ன்னு ஒரு நம்பிக்கை இருக்கு, அதுவும் பாதிதான் உண்மை. "தி பீப்பிள் ஹூ லிவ் நெக்ஸ்ட் டோர்", பக்கத்து வீட்டுக்காரங்க, ஆள் தெரியும், "தி" வேணும். "பீப்பிள் ஹூ லிவ் அலோன்", தனியா வாழறவங்க, உலகத்துல யாரா வேணா இருக்கலாம், வேணாம். விளக்கம் எவ்வளவு நீளம்ங்கறது முக்கியம் இல்ல, அது ஆளை அடையாளம் காட்டுதா இல்ல ஒரு வகையைத்தான் சொல்லுதாங்கறதைப் பாக்கணும்.

இப்ப "மோஸ்ட்". தயவுசெஞ்சு இதை மட்டுமாவது மனசுல வச்சுக்கங்க, ஏன்னா நல்லா இங்கிலீஷ் எழுதறவங்க கூட இதுல சறுக்கறாங்க. பெரும்பாலான ஜனங்கங்கற அர்த்தத்துல "மோஸ்ட் ஆஃப் பீப்பிள்"ங்கறது தப்பு, "தி மோஸ்ட் பீப்பிள்"ங்கறதும் தப்பு. பொதுவா பெரும்பாலான ஜனங்கன்னா "மோஸ்ட் பீப்பிள்", நடுவுல "ஆஃப்" கிடையாது. "ஆஃப்" வந்துட்டா ஒரு தெரிஞ்ச கூட்டத்துலேந்து பிரிச்சு எடுக்கறீங்கன்னு அர்த்தம், அப்ப அந்தக் கூட்டத்துக்கு "தி" வேணும், "மோஸ்ட் ஆஃப் தி பீப்பிள் இன் திஸ் ரூம்". "சம்", "மெனி", "ஃபியூ" எல்லாத்துக்கும் இதே கதை. "தி" இருக்க வேண்டிய இடத்துல "மை", "தோஸ்" மாதிரி ஒண்ணு வந்து உக்காந்தா அதுவே போதும், "மெனி ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ்". "ஆல்" மட்டும் "ஆஃப்" இல்லாமலே "தி"யோட வரும், "ஆல் தி ஸ்டூடன்ட்ஸ்"னா இந்த கிளாஸ் பிள்ளைங்க எல்லாரும், "ஆல் ஸ்டூடன்ட்ஸ்"னா பெரும்பாலும் மாணவர்னு இருக்கற எல்லாருமே.

பேருங்க கொஞ்சம் தனி, அங்க யோசிக்க ஒண்ணும் இல்ல, பழகிக்க வேண்டியதுதான். பன்மையா முடியற நாட்டுப் பேருக்கு "தி" உண்டு, தி நெதர்லாந்ட்ஸ், தி பிலிப்பீன்ஸ், தி யுனைடெட் ஸ்டேட்ஸ், ஆனா வினைச்சொல் ஒருமைலதான், "இஸ்". மலைத்தொடருக்கு உண்டு, தி ஹிமாலயாஸ், தி ஆல்ப்ஸ், ஆனா தனி மலையா எவரெஸ்டுக்குக் கிடையாது. தி கிரேட் லேக்ஸ்னு அஞ்சு ஏரியையும் சேத்து சொல்லுவாங்க, அதுல ஒண்ணை மட்டும் சொன்னா வெறும் லேக் சுப்பீரியர். குடும்பம் மொத்தத்துக்கும் தி ஒபாமாஸ். பத்தாண்டுக்கு தி 1990ஸ்.

"எஸ்" இல்லாமலே பன்மையா வர்றதும் இருக்கு. "தி ரிச்", "தி பூர்", "தி பிளைண்ட்". இதெல்லாம் பண்புச்சொல், முன்னாடி "தி" போட்ட உடனே அப்படிப்பட்ட ஜனங்கன்னு ஆயிடும், கூட வர்ற வினை "ஆர்"தான். இதுல "தி பூர்ஸ்"னு எஸ் சேக்கக் கூடாது, ஒரே ஒரு ஏழைய "எ பூர்"னும் சொல்லக் கூடாது, "எ பூர் மேன்"னு ஆளையும் சேத்து சொல்லணும்.

உச்சரிப்பையும் சொல்லிடறேன். நான் இங்க எல்லாத்துக்கும் "தி"ன்னே எழுதிட்டு வர்றேன், ஆனா பேசும்போது உயிர் ஒலிக்கு முன்னாடிதான் "தி", மத்த இடத்துல கிட்டத்தட்ட "த". தி எரர்ஸ், த புக்ஸ். எழுத்தைப் பாக்காதீங்க, ஒலியைக் கேளுங்க, அதனாலதான் "எச்"ல எழுதினாலும் தி அவர்ஸ் (மணி நேரங்கள்), "யு"ல எழுதினாலும் த யுனிவர்சிட்டீஸ்.

பழகறதுக்கு நான் செய்யறது இதுதான், எழுதி முடிச்சுட்டு பன்மைச் சொல் ஒவ்வொண்ணுலயும் நின்னு, படிக்கறவங்களுக்கு இது எதுன்னு தெரியுமான்னு கேட்டுக்குவேன். இந்த வரிகளைப் பாருங்க: "லைப்ரரீஸ் ஆர் கொயட் பிளேசஸ். ஐ வென்ட் டு ஒன் எஸ்டர்டே. தி ஷெல்வ்ஸ் வேர் டஸ்டி அண்ட் மோஸ்ட் ஆஃப் தி புக்ஸ் ஹாட் மிஸ்ஸிங் பேஜஸ்." லைப்ரரீஸ் பொதுவா சொன்னது, அதுக்கு இல்ல. ஷெல்வ்ஸ் இப்பதான் வருது, ஆனாலும் நேத்து போன அந்த லைப்ரரியோட அலமாரிங்க, அதனால உண்டு. புக்ஸ் அங்க இருக்கற புக்ஸ், முன்னாடி "ஆஃப்" வேற நிக்குது, உண்டு. காணாமப் போன பக்கங்க எத்தனை, எதுன்னு படிக்கறவங்களுக்கு இன்னும் ஒண்ணும் தெரியாது, அதனால "மிஸ்ஸிங் பேஜஸ்" வெறுமனே நிக்குது. அடுத்த வரில "ஐ ஃபவுண்ட் தி மிஸ்ஸிங் பேஜஸ் அண்டர் எ டேபிள்"னு எழுதினா அங்க "தி" போட்டே ஆகணும், ஏன்னா இப்ப அவங்களுக்கும் அது எந்தப் பக்கங்கன்னு தெரியும், அத்தனையும் கெடச்சுடுச்சுன்னும் புரியும்.