மூடுபனியில் பூப்படம்: கைத்தொலைபேசி மட்டும் வைத்திருப்பவர்களுக்கு

இலங்கை மலையகத்தில் பூக்களைப் படம் எடுக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் வெயிலுக்காகக் காத்திருக்கிறார்கள். வெயில் அடித்ததும் வாசலுக்கு ஓடுகிறார்கள். எடுத்த படத்தில் சிவப்பு டேலியாவின் இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டி வெறும் சிவப்புத் திட்டாகத் தெரிகின்றன. உடனே போன் மட்டம் என்று தீர்ப்பு வந்துவிடுகிறது. போன் மீது குற்றமில்லை. நாம் அன்றாடம் அலுத்துக்கொள்ளும் மூடுபனிதான் பூவுக்கு ஏற்ற வெளிச்சம். அதற்காகக் காத்திருங்கள்.

தனிக் கமெரா, முக்காலி, விலை கூடிய போன் எதுவும் இதற்குத் தேவையில்லை.

படி 1: முதலில் வெளிச்சம், பிறகுதான் பூ

நேர் வெயில் ஒரே பக்கமிருந்து விழுகிறது. ஓர் இதழின் நிழல் அடுத்த இதழில் கறுப்பாக விழும். வெயில் பட்ட பகுதி வெளிறிப்போகும். மேகமோ மூடுபனியோ இருந்தால் வெளிச்சம் வானம் முழுவதிலிருந்தும் பரவலாக வருகிறது. இதழின் நரம்பும் சுருக்கமும் தெளிவாகத் தெரியும். நிறமும் அடர்த்தியாக நிற்கும்.

காலை வேளை நல்லது. சூரியன் எழுந்த பிறகும் கிழக்கே நிற்கும் மலை பள்ளத்தாக்கை நிழலில் வைத்திருக்கும். வெளிச்சம் இருக்கும், வெயில் இருக்காது. காற்றும் அப்போது அடங்கியிருக்கும்.

பருவத்தையும் கவனிக்க வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கத்தை நனைத்துக்கொண்டிருக்கும். அதே மாதங்களில் பண்டாரவளை, வெலிமடை, பதுளைப் பக்கத்தில் மழை குறைவு; ஆனால் காற்று வாட்டும். மழையைவிடக் காற்றுதான் பூப்படத்துக்குப் பகை. மழை நின்றதும் இதழில் துளி மிஞ்சும். காற்று எதையும் மிச்சம் வைப்பதில்லை.

உச்சி வெயிலில் எடுத்தே ஆகவேண்டும் என்றால் குடையை விரித்துப் பூவுக்கு நிழல் கொடுங்கள். கறுப்புக் குடை போதும். சிவப்பு, நீலக் குடைகள் வேண்டாம். அவற்றின் நிறம் வெள்ளை ரோஜாவில் அப்படியே ஏறிவிடும்.

படி 2: லென்ஸைத் துடையுங்கள்

குளிரில் கிடந்த போனைச் சூடான அடுப்படிக்குள் கொண்டுபோனால் லென்ஸில் ஆவி படியும். சட்டைப்பையின் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்தால் எந்தப் பூவும் புகைபடிந்துதான் தெரியும். மென்மையான பருத்தித் துணி ஒன்றைக் கையோடு வைத்திருங்கள். பனியில் நிற்கும்போது லென்ஸை நோக்கி மூச்சு விடாதீர்கள்.

படி 3: ஒரே செடியோடு இருங்கள்

பழைய பெயின்ட் வாளியில் ஜெரேனியம், எண்ணெய்த் தகரத்தில் பிகோனியா, வேலியோரம் ஹைட்ரேஞ்சியா. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களின் வாசல்களில் இவை இல்லாத இடம் குறைவு. எங்கும் போக வேண்டாம். இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். போனைக் கையில் எடுப்பதற்கு முன் சற்று நேரம் சும்மா பாருங்கள். எந்த மொட்டு நாளைக்கு விரியும், எந்த இதழின் ஓரம் கருகியிருக்கிறது, எறும்பு எந்த வழியாக ஏறுகிறது என்பதெல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். மொட்டிலிருந்து உதிரும் வரை ஒரே டேலியாவைத் தினமும் ஒரே இடத்தில் நின்று எடுத்தால் அதுவே நல்ல படத்தொடர்.

ஹைட்ரேஞ்சியாவுக்கு இங்கே கொஞ்சம் அதிக இடம் கொடுக்கிறேன். எனக்கு அதன் மீது பட்சபாதம் உண்டு. தேயிலை விளையும் நம் மண் அமிலத்தன்மை கொண்டது. அத்தகைய மண்ணில் அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைப்பதால் பூ நீலமாகிறது. சுண்ணாம்பு கலந்த மண்ணில் அந்த அலுமினியம் செடிக்குக் கிடைப்பதில்லை, பூ இளஞ்சிவப்பாகும். சுண்ணாம்பு கசியும் சீமெந்துச் சுவரை ஒட்டி நிற்கும் செடியையும் சற்றுத் தள்ளி நிற்கும் செடியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சில இடங்களில் இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். நீலமும் ஊதாவும் கலந்த பூங்கொத்து கிடைத்தால் விடாதீர்கள்.

இன்னொன்று: நாம் இதழ் என்று நினைக்கும் அந்த அகன்ற பகுதி உண்மையில் புல்லிவட்டம். நடுவிலுள்ள சிறு மணி போன்றதுதான் மெய்யான பூ. காகிதப் பூவிலும் இதே கதைதான். நிறத்தோடு இருப்பவை இலைகளின் மாற்றுருவம். உள்ளே வெள்ளையாகச் சிறிதாக நிற்பதுதான் பூ. அந்தச் சிறிய பூவைத் தேடிக் குவியப்படுத்தினால் (போகஸ் செய்தால்) படத்துக்கு ஒரு மையம் கிடைக்கும்.

படி 4: குவியமும் வெளிச்ச அளவும்

புதியவர்கள் போனைப் பூவில் முட்டும் அளவுக்குக் கொண்டுபோகிறார்கள். பெரும்பாலான போன்களின் முதன்மை லென்ஸ் அவ்வளவு பக்கத்தில் குவியாது. ஒரு சாண் அளவு பின்வாங்கி, இரண்டு மடங்கு சூம் வையுங்கள். அதற்கு மேல் சூம் செய்தால் பல போன்களில் படம் உடைந்துவிடும்.

பிறகு திரையில் பூவின் நடுவை விரலால் அழுத்திப் பிடியுங்கள். பெரும்பாலான போன்களில் குவியமும் வெளிச்ச அளவும் அந்த இடத்தில் பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் ஒரு சிறு சூரியக் குறி தோன்றும். விரலைக் கீழே இழுத்தால் படம் சற்று இருளும். வெள்ளை, மஞ்சள், சிவப்புப் பூக்களுக்கு இதைக் கட்டாயம் செய்யுங்கள். இருண்ட படத்தைப் பிறகு ஓரளவு தேற்றலாம். வெளிறிப்போன இதழைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை.

பின்னணியை மங்கலாக்கும் ‘போர்ட்ரெயிட்’ முறையைப் பூக்களுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. ஜெரேனியத்தின் ஓரங்களைக் கத்தரிக்கோலால் வெட்டியதுபோல் காட்டிவிடும்.

காற்றில் பூ ஆடினால் தண்டை ஒரு குச்சியோடு உடுப்பு கிளிப்பால் மெல்லப் பிடித்துவையுங்கள். அல்லது தொடர்ச்சியாகப் பல படங்களை எடுத்து நல்லதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: பூவின் உயரத்துக்கு இறங்குங்கள்

நின்றபடி மேலிருந்து எடுத்தால் பின்னால் மண்ணும் செருப்பும் வாளியும்தான் வரும். குந்தி உட்கார்ந்து எடுத்தால் பின்னணியாக எதிர்மலைத் தேயிலை வந்துவிடும். தொலைவு அதிகமாக இருப்பதால் அது தானாகவே பச்சை மங்கலாகும். நீலத் தண்ணீர்ப் பீப்பாயோ உடுப்புக் கொடியோ குறுக்கே வந்தால் அரை அடி நகர்ந்தால் போதும்.

ஈரப் புல்லில் குந்துமுன் இரத்தம் உறிஞ்சும் அட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். காலில் சவர்க்காரம் பூசிக்கொள்வது நம் ஆட்களின் பழைய முறை. நீண்ட காலுறையும் உதவும். ஏறிவிட்டால் இழுத்துப் பிய்க்காமல் நகத்தால் வாய்ப்பகுதியைத் தள்ளி எடுங்கள்.

நீரோடை ஓரங்களில் வெள்ளையாகவும் இளமஞ்சளாகவும் தலைகீழாகத் தொங்கும் பெரிய ஊமத்தை வகைப் பூவைக் கீழிருந்து மேல்நோக்கி எடுத்தால் அழகாக இருக்கும். ஆனால் அதன் எல்லாப் பாகமும் நஞ்சு. தொட்ட கையால் கண்ணைக் கசக்காதீர்கள், பிள்ளைகளைத் தொடவிடாதீர்கள்.

படி 6: வெளியே போகும்போது

நுவரெலியாவிலிருந்து வெலிமடைப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினால் சீத்தாஎலிய சீதையம்மன் கோவிலைத் தாண்டியதும் ஹக்கல தாவரவியல் பூங்கா. 1861இல் சின்கோனா மரத்தை வளர்த்துப் பார்க்கத் தொடங்கிய இடம். மலேரியாவுக்கான குயினைன் அதன் பட்டையிலிருந்து வந்தது. இன்று அங்கே கூட்டம் கூடுவது ரோஜாக்களுக்காக. மலைச்சாரல் என்பதால் பனி அடிக்கடி இறங்கும். முழுப் பாத்தியையும் ஒரே படத்துக்குள் அடக்க முயலாமல் ஒரு கிளையோடு நில்லுங்கள்.

நுவரெலியா நகரத்துக்குள்ளேயே விக்டோரியா பூங்கா இருக்கிறது. ஏப்ரல் பருவத்தில் பூவும் அதிகம், செல்பிக் கூட்டமும் அதிகம். காலையில் முதல் ஆளாகப் போவதே வழி. 1821இல் அமைக்கப்பட்ட பேராதனைப் பூங்கா தாழ்ந்த, வெப்பமான இடம். அங்கே ஆர்கிட் கூடத்தைத் தவறவிடாதீர்கள். கூரை வெளிச்சத்தைப் பரப்பிவிடுவதால் நண்பகலிலும் அங்கே நல்ல படம் கிடைக்கும்.

எங்கும் பூவைப் பறிக்காதீர்கள், பாத்திக்குள் கால் வைக்காதீர்கள். ஹோட்டன் சமவெளியில் சிவப்பாகப் பூக்கும் மகாரத்மல் மரத்தின் கீழே விழுந்து கிடக்கும் பூவையும் அங்கேயே விட்டுவிடுங்கள். அது தேசியப் பூங்கா.

பிறர் வீட்டு வாசல் என்றால் “அக்கா, உங்கள் பூவை ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா?” என்று கேட்ட பிறகு போனை எடுங்கள். பெரும்பாலும் தேநீரும் கிடைக்கும். ஹைட்ரேஞ்சியாவில் ஒரு தண்டும் ஒடித்துத் தருவார்கள். பூக்காத தண்டாகக் கேளுங்கள், வேர் பிடிக்கும்.

படி 7: அனுப்புதல்

அன்றிரவே படங்களைப் பார்த்து, ஒரே மாதிரியானவற்றை அழித்துவிடுங்கள். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தின் தரம் குறையும். ஆவணமாக இணைத்தால் முழுத் தரத்தில் போகும். பூ யார் வீட்டுடையதோ அவருக்கு முதலில் அனுப்புங்கள். பூவை மட்டும் அனுப்பினால் அந்த அக்காவுக்கு முழுத் திருப்தி இருக்காது. ஆகவே வாசலில் இருக்கும்போதே அவரைச் செடியின் பக்கத்தில், கூரை நிழலில் நிறுத்தி, இரண்டடி தள்ளி நின்று ஒரு படம் எடுத்துவைத்துவிடுங்கள். இந்தப் படத்துக்குக் குவியம் முகத்தில் இருக்கட்டும்.