காபித் தோட்டம் பார்க்கப் போகும் வேலூர்க்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூரில் வெயில் உச்சத்துக்கு ஏறும் நாட்களில் ஏற்காட்டுக்குப் புறப்படுகிறவர்களில் பலர், இப்போதெல்லாம் ஏரியையும் படகுத்துறையையும் பார்த்த கையோடு திரும்பிவிடுவதில்லை. மண்ணையும் நீரையும் கெடுக்காமல் காபி எப்படி விளைவிக்கப்படுகிறது என்பதையும் நேரில் தெரிந்துகொள்ள விரும்புகிறார்கள். 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த எம்.டி. காக்பர்ன் கொண்டுவந்த நாளிலிருந்து ஏற்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலையில் காபி விளைகிறது என்பதால், இதைக் கற்க நமக்கு எட்டும் தூரத்தில் அதைவிட நல்ல இடம் இல்லை. சில ஆண்டுகளாக குடியாத்தம், அணைக்கட்டுப் பக்கத்து விவசாயிகளோடு அங்கே போய்வருகிறேன். ஆசையோடு வருகிறவர்கள்கூடப் பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் திரும்புவதைக் கண்டதால் இதை எழுதுகிறேன்.

தவறு பெரும்பாலும் மாதத்திலேயே தொடங்கிவிடுகிறது. பள்ளி விடுமுறையை ஒட்டி மே மாதம் போகிறவர் செடியில் காண்பது மிளகைவிடச் சிறிய பச்சைப் பிஞ்சுகளை மட்டுமே. மார்ச், ஏப்ரலில் பெய்து காபி மொட்டுகளை மலரச் செய்யும் பூமழைக்குப் பிறகு ஏறக்குறைய பத்து நாளில் தோட்டம் முழுவதும் வெள்ளையாகப் பூத்து, மல்லிகை போல மணந்து, மூன்று நான்கு நாட்களில் உதிர்ந்துவிடும். அராபிகா என்னும் காபி வகையில் அந்தப் பூ பழமாகச் சிவக்க எட்டு ஒன்பது மாதங்கள் ஆகும். எனவே அறுவடையையும், அதைவிட முக்கியமாகப் பழத்தைக் கழுவும் வேலையையும் பார்க்க விரும்புகிறவர் டிசம்பர், ஜனவரியில்தான் போக வேண்டும். ஒரே முறைதான் போக முடியும் என்றால், பூவை விட்டுவிட்டு அறுவடையைப் பாருங்கள் என்பேன்.

நிழலைப் பார்க்கத் தெரியாமல் திரும்புவது இன்னொரு தவறு. நம் நாட்டுக் காபி ஏறக்குறைய முழுவதும் மர நிழலில்தான் வளர்கிறது. ஆகவே நிழல் இருக்கிறதா என்று கேட்பதில் பொருளில்லை, எந்த மரங்களின் நிழல் என்றுதான் கேட்க வேண்டும். வரிசை வரிசையாக சில்வர் ஓக் மட்டும் நின்றால் பார்வைக்கு அழகாகத்தான் இருக்கும்; மிளகுக்கொடி ஏற்றவும் பிற்பாடு மரமாக விற்கவும் அது உதவும். ஆனால் பலாவும் அத்தியும் கல்யாணமுருங்கையும் கலந்து நிற்கும் தோட்டத்துக்கு வரும் அளவுக்குப் பறவைகள் அங்கே வருவதில்லை. நம் வீட்டுத் திருமணங்களில் பந்தக்காலோடு கட்டும் அதே கல்யாணமுருங்கைதான், காற்றிலுள்ள தழைச்சத்தை வேரில் பிடித்து வைத்துக் காபிச் செடிக்குத் துணை நிற்கிறது.

மரங்களை அண்ணாந்து பார்த்த பிறகு கட்டாயம் குனிந்தும் பாருங்கள். சென்ற ஜனவரியில் ஒரு சரிவில் நின்று, காய்ந்த சருகைக் கையால் ஒதுக்கியபோது, அதன் அடியில் பாதி மக்கிய கறுத்த இலைகளும், அவற்றை நூல்போலப் பின்னியிருந்த வெண்பூஞ்சையும், அதற்கும் கீழே விரல் இரண்டு கணு எளிதாக இறங்கும் ஈர மண்ணும் இருந்தன. மழை நின்று பல நாட்கள் ஆகியும் அந்த ஈரம் காயவில்லை. சருகைக் கூட்டிப் பெருக்கித் துப்புரவாக வைத்திருக்கும் தோட்டத்தை நல்ல தோட்டம் என்று எண்ணுவது நம் சமவெளிக் கண்ணின் பழக்கம். மலைச்சரிவில் மண்ணை அரிப்பிலிருந்து காப்பது அந்தச் சருகுதான்.

நிழல் குறைந்து வெயில் விழும் திட்டுகளில் வெள்ளைத் தண்டு துளைப்பான் என்னும் வண்டு அராபிகாவை அதிகம் தாக்கும். பட்டையின் வெடிப்புகளில் அது முட்டையிடுவதால், ஆட்கள் தேங்காய் நாரால் தண்டைத் தேய்த்துத் தளர்ந்த பட்டையை நீக்குகிறார்கள். புழு துளைத்த செடியை வேரோடு பிடுங்கி எரிக்கிறார்கள். “மருந்து அடிக்கிறீர்களா?” என்ற ஒரே கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறவர்களுக்கு இந்த உழைப்பு கண்ணில் படுவதே இல்லை.

வேலூர் மாவட்டத்துக்காரர் செய்யவே கூடாத தவறு ஒன்று உண்டென்றால், அது கழிவுநீர் எங்கே போகிறது என்று கேட்காமல் வருவது. பறித்த பழத்தை அன்றைக்கே பல்ப்பர் என்னும் இயந்திரத்தில் இட்டுத் தோலை நீக்கி, வழுவழுப்பான பசை பிரியும்வரை தொட்டியில் ஊறவைத்துக் கழுவுவார்கள். அந்த நீர் புளித்து, அமிலத் தன்மையோடு இருக்கும். அதை அப்படியே ஓடையில் விட்டால் நீரிலுள்ள உயிர்வளியை உறிஞ்சி, கீழே வாழும் மீனையும் பிற உயிர்களையும் கொல்லும். தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றை என்ன செய்தது என்பதை நாம் கண்ணாரக் கண்டோம். வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில்தான் 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதற்கு விலை தர வேண்டும் என்ற கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. அந்த அனுபவம் உள்ள நாம், காபி வாசனையில் மயங்கி நின்றுவிடலாகாது. ஒரு தோட்டத்தில் களத்தையும் வறுக்கும் அறையையும் பெருமையோடு காட்டியவர்கள், பல்ப்பர் கொட்டகையின் பின்பக்கம் போக வேண்டாம் என்றார்கள். புளித்த நாற்றம் மட்டும் வழிநெடுக வந்தது. வேறொரு சிறு தோட்டத்தின் உரிமையாளரோ, சுண்ணாம்பு இட்டு நீரைத் தேக்கும் குழிகளையும், பழத்தோல் மக்கும் உரக்குழியையும்தான் முதலில் காட்டினார்.

பறிக்கும் பெண்களோடு பேசாமல் வருவதும் குறையே. ஒரே கிளையில் பச்சையும் மஞ்சளும் சிவப்பும் சேர்ந்திருக்கும். சிவந்ததை மட்டும் தேர்ந்து பறிக்கப் பல சுற்று வர வேண்டும். கூலி கிலோ கணக்கிலா, நாள் கணக்கிலா என்று கேளுங்கள். கிலோவுக்கு மட்டும் கூலி என்றால் பச்சைக் காயும் கூடையில் சேர்வது இயல்பு. ஐந்தாறு கிலோ பழத்திலிருந்து ஒரு கிலோ காபிக் கொட்டைதான் கிடைக்கிறது என்பதை அறிந்தால் விலையைப் பற்றிய நம் பேச்சும் மாறும்.

சான்றிதழ் அட்டையைப் பார்த்ததும் திருப்தியடைந்துவிட வேண்டாம். இயற்கை வேளாண்மைச் சான்று பெற ஒரு காபித் தோட்டம் மூன்று ஆண்டு மாற்றக் காலத்தைக் கடக்க வேண்டும் என்பதால் அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் செலவு தாங்காமல் சான்று வாங்காத சிறு விவசாயியிடம் அதைவிட நல்ல மண் இருக்கலாம். சான்று உள்ள இடத்திலும் கூலியைப் பற்றித் தனியாகத்தான் கேட்க வேண்டும். வாசலில் விற்கும் தூளை வாங்கும்போது சிக்கரி எத்தனை விழுக்காடு என்று பாருங்கள். 49 வரை சட்டப்படி கலக்கலாம், ஆனால் அதைப் பொட்டலத்தில் அச்சிட்டிருக்க வேண்டும்.

நினைவுக்காக நாலு பழத்தைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த தோட்டத்துக்குப் போகாதீர்கள். 1990இல் கூடலூர்ப் பக்கம் முதன்முதலாகக் காணப்பட்ட காய்த்துளைப்பான், பழத்தோடு பழமாகப் பயணம் செய்யும் பூச்சி. கீழே உதிர்ந்த பழத்தைக்கூட விடாமல் பொறுக்கும் தோட்டக்காரரின் உழைப்பை அது ஒரே நாளில் வீணாக்கிவிடும்.

நாற்று வாங்கிவரத் துடிக்கும் நண்பர்களிடமும் ஒன்று சொல்கிறேன். அராபிகாவுக்கு 1,000 முதல் 1,500 மீட்டர் வரையிலும், மற்றொரு காபி வகையான ரோபஸ்டாவுக்கு 500 முதல் 1,000 மீட்டர் வரையிலும் உயரம் ஏற்றது. குடியாத்தத்து வெயிலில் நட்டால் செடி வாடத்தான் செய்யும். ஜவ்வாது மலையிலோ ஏலகிரியிலோ நிலம் உள்ளவர்கள், இப்போது நிற்கும் பலாவையும் புளியையும் வெட்டாமல், முதலில் தங்கள் நிலத்தின் உயரத்தையும் கோடையில் கிணற்றில் எஞ்சும் நீரையும் அளந்துகொண்டு, அதன்பிறகு காபி வாரிய அலுவலர்களிடம் போய்க் கேட்கட்டும்.