காலநிலை பற்றி உங்கள் மக்கள் பிரதிநிதியிடம் எப்படிக் கேட்பது?

துணிப்பை எடுத்துப் போவதும் தேவையில்லாத விளக்கை அணைப்பதும் நல்ல பழக்கம், விட்டுவிடாதீர்கள். ஆனால் ஒரு நிலக்கரி மின் நிலையத்தை எந்த ஆண்டு மூடுவது என்பது நம் வீட்டு சுவிட்சில் இல்லை, சட்டத்திலும் பட்ஜெட்டிலும் இருக்கிறது. அந்த இரண்டிலும் கை வைக்கக்கூடியவர் உங்களிடம் வாக்குக் கேட்டு வந்தவர்தான். அவரிடம் போய்க் கேட்பது எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் ஏன் இவ்வளவு அவசரம் என்பது உங்களுக்கே தெளிவாக இருக்க வேண்டும். 2015 பாரிஸ் ஒப்பந்தத்தில், உலக வெப்ப உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்த முயல்வோம் என்று நாடுகள் ஒப்புக்கொண்டன. 2024இல் உலக சராசரி வெப்பநிலை, தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட சுமார் 1.55 டிகிரி கூடுதல். அந்த இலக்கு பல ஆண்டுகளின் சராசரியைப் பார்ப்பது, அதனால் ஒரே வருடத்தை வைத்து எல்லாம் முடிந்தது என்று யாரும் கைகழுவ முடியாது. ஆனால் நாம் வெளியேற்றும் கார்பன் டை ஆக்சைடில் கணிசமான பங்கு நூற்றாண்டுகளுக்குக் காற்றிலேயே தங்குகிறது, அதாவது இந்த வருடம் வெளியேற்றியதை அடுத்த வருடம் கழித்துக்கொள்ள வழியில்லை, மேல் மேலாகச் சேர்ந்துகொண்டேதான் போகும். தள்ளிப்போடுவதே ஒரு முடிவு என்பதை அவரிடம் இப்படித்தான் சொல்ல வேண்டும்.

அப்புறம், யாரிடம் எது இருக்கிறது என்று பாருங்கள். குப்பை, மரம், கட்டட அனுமதி பெரும்பாலும் உள்ளாட்சியிடம். மின் நிலைய அனுமதி, எரிபொருள் மானியம், கார்பன் வெளியேற்றத்துக்கான இலக்கு எல்லாம் மேலே உள்ள அரசுகளிடம். தவறான கதவைத் தட்டினால் "அது எங்கள் அதிகாரத்தில் இல்லை" என்று ஒரே வரியில் அனுப்பிவிடுவார்கள்.

கடிதம் எழுதுவதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். நான் முதலில் எழுதியது இரண்டு பக்கம், பனிப்பாறை, பவளப்பாறை, வருங்காலத் தலைமுறை எல்லாம் அதில் இருந்தன. "தங்கள் அக்கறைக்கு நன்றி, பரிசீலிக்கப்படும்" என்று பதில் வந்தது. நான் குறிப்பாக எதையும் கேட்கவில்லை, அவர் எதற்குப் பதில் சொல்வார்? அடுத்த கடிதம் இவ்வளவுதான்: "நான் உங்கள் தொகுதி வாக்காளர். புதிய நிலக்கரி மின் நிலையங்களுக்கு அனுமதி தரக்கூடாது என்று வரும் கூட்டத்தொடரில் பேசுவீர்களா? இல்லை என்றால் காரணத்தை எழுதித் தாருங்கள். இந்த மாத இறுதிக்குள் பதில் எதிர்பார்க்கிறேன்." ஒரே கோரிக்கை, ஒரு தேதி, ஆம் அல்லது இல்லை என்று மட்டுமே சொல்லக்கூடிய கேள்வி. இதற்கு நழுவலாகப் பதில் சொன்னால் அது நழுவல் என்று படிக்கிற எல்லோருக்கும் தெரியும்.

என்ன கேட்பது என்று தெரியவில்லையா? சட்டம் கேளுங்கள், வாக்குறுதி வேண்டாம். வாக்குறுதி ஆட்சி மாறினால் போய்விடும். பிரிட்டனில் ஏராளமான மக்கள் தங்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு எழுதி நெருக்கடி கொடுத்த பிறகு 2008இல் காலநிலைச் சட்டம் வந்தது. ஐந்தாண்டுக்கு இவ்வளவு கார்பன்தான் வெளியேற்றலாம் என்று வரம்பு வைத்து, அரசு சொன்னபடி நடக்கிறதா என்று ஒரு சுயேச்சைக் குழு ஆண்டுதோறும் நாடாளுமன்றத்துக்கு அறிக்கை தருகிறது. பல முறை ஆட்சி மாறியும் அந்தச் சட்டம் நிற்கிறது. 2024 செப்டம்பரில் அங்கே கடைசி நிலக்கரி மின் நிலையமும் மூடப்பட்டது. இந்தச் சட்டம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கணக்குக் கேட்க ஒரு புத்தகம் அங்கே இருந்தது.

நேரில் போவதென்றால் நாலைந்து பேராகப் போங்கள். விவசாயி, செவிலியர், கடைக்காரர், படிக்கிற பிள்ளை என்று கலந்து போனால் நல்லது, ஒரே கூட்டம் என்று ஒதுக்க முடியாது. பேசுவது ஒருவர், குறிப்பெடுப்பது இன்னொருவர். அவர் எந்தக் கட்சி என்று பார்க்காதீர்கள், வாதத்துக்கு இழுத்தாலும் கோரிக்கைக்கே திரும்பி வாருங்கள். கிளம்பும் முன் "அப்படியானால் நீங்கள் இதைச் செய்வதாகச் சொல்கிறீர்கள், சரியா?" என்று கேட்டு அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள்.

வீட்டுக்கு வந்து அன்றைக்கே அவர் சொன்னதைத் தேதியோடு எழுதி அவருக்கு அனுப்பிவிடுங்கள், ஒரு நகல் உங்களிடமும் இருக்கட்டும். கூட்டத்தொடர் முடிந்ததும் அவர் பேசினாரா, எப்படி வாக்களித்தார் என்று அவைக் குறிப்பில் பாருங்கள். செய்திருந்தால் நன்றி சொல்லி எழுதுங்கள், இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். செய்யவில்லை என்றால் அந்த நகலோடு அதே நாலைந்து பேர், முடிந்தால் பத்துப் பேராக, மறுபடி நேரம் கேளுங்கள்.