உள்ளுக்குள்ள இருக்குற பல ஆளுங்ககிட்ட பேசுறது எப்படி

ஒரு மனசு போன்னு சொல்லும், இன்னொன்னு வேணாம்னு இழுக்கும், இது எல்லாருக்கும் நடக்குறதுதான், வியாதி கிடையாது. அமெரிக்காவுல ரிச்சர்ட் ஷ்வார்ட்ஸ்னு ஒரு ஃபேமிலி தெரபிஸ்ட், 1980கள்ல தன்கிட்ட வந்தவங்க இப்படி பேசுறத உன்னிப்பா கேட்டுத்தான் ஐஎஃப்எஸ் (இன்டர்னல் ஃபேமிலி சிஸ்டம்ஸ்)ங்குற தெரபி முறைய உருவாக்கினாரு.

அதுல நமக்குள்ள இருக்குற இந்த ஆளுங்கள 'பகுதி'ன்னு சொல்வாங்க, மூணு வகை. எல்லாத்தையும் முன்கூட்டியே கன்ட்ரோல் பண்றது மேனேஜர். வலி கிளம்பினதும் எப்படியாவது அணைக்கப் பாக்குறது ஃபயர்ஃபைட்டர். இவங்க ரெண்டு பேரும் காவல் காக்குற பழைய காயம்தான் எக்ஸைல்.

ஆபீஸ்ல திட்டு வாங்கிட்டு வந்து ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ரீல்ஸ் தள்ளுறீங்கன்னு வைங்க, அது ஃபயர்ஃபைட்டர் வேலை. ஃபோன கீழ வச்சுட்டு இன்னும் பாக்கணும்ங்குற அந்த அரிப்பு உடம்புல எங்க இருக்குன்னு பாருங்க, நெஞ்சா, தொண்டையா. "நான் சோம்பேறி"ன்னு சொல்லாம "எனக்குள்ள ஒரு பகுதி தப்பிக்கப் பாக்குது"ன்னு சொல்லுங்க. அது மேல எரிச்சல் வருதா? அந்த எரிச்சலும் இன்னொரு பகுதிதான், கொஞ்சம் தள்ளி உக்காருப்பான்னு அதுகிட்ட கேளுங்க. அப்புறம் தப்பிக்கப் பாக்குற அந்த முதல் ஆள்கிட்ட, "நீ இத பண்ணலன்னா என்ன ஆயிடும்னு பயப்படுற?"ன்னு கேளுங்க. இந்த கேள்விதான் ரொம்ப முக்கியம், பதில நீங்களா யோசிச்சு எழுதாதீங்க, அது சொல்ற வரைக்கும் பொறுங்க.

விரட்டாதீங்க, அது உங்கள காப்பாத்தத்தான் பாக்குது.

சின்ன வயசுல பெரிய அடி, கொடுமை எதாவது நடந்திருந்தா எக்ஸைல் பக்கம் தனியா போகவே வேணாம், தெரபிஸ்ட் கூட இருக்கும்போது மட்டும் போங்க.