அடீனியம் அழுகியதற்குக் காரணம் வேரைச் சுற்றி இருந்தது

விருதுநகர் வெயிலுக்கு அதிகம் கவனிப்புக் கேட்காத செடி என்று மொட்டைமாடியில் அடீனியம் வைத்தேன். இலை மஞ்சளாகி உதிர்ந்தது. அடித்தண்டை அமுக்கினால் கொழகொழவென்றிருந்தது. வேப்பெண்ணெய் தெளித்தேன், தண்ணீரைக் குறைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. இத்தனைக்கும் மேல்மண் காய்ந்துதான் கிடந்தது.

சரி என்று பிடுங்கிப் பார்த்தேன். நர்சரியில் வைத்த தென்னை நார்க்கழிவு வேரைச் சுற்றி உருண்டையாக அப்படியே இருந்தது. சுற்றியிருந்த மண் பொடியாக உதிர, அந்த உருண்டையைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டியது!

அதை முழுக்கக் கழுவி, அழுகலை வெள்ளைச் சதை தெரியும்வரை வெட்டி, காயம் காயும்வரை நிழலில் போட்டேன். அப்புறம் பருமணலும் செங்கல் ஜல்லியும் கூடுதலாகக் கலந்த மண்ணில் நட்டு, சில நாள் கழித்தே தண்ணீர் விட்டேன். இப்போது துளிர் விடுகிறது, அப்பாடா. வெட்டும்போது வடியும் பால் விஷம், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.