ஆபீஸ் வேலையாக வெளிநாடு போகிறீர்களா? ஊர் பார்க்கவும் ஒரு நாள் ஒதுக்குங்கள்

ரோம் வரைக்கும் போய்விட்டு ஹோட்டலையும் மீட்டிங் அறையையும் மட்டும் பார்த்துத் திரும்புகிறவர்கள் நிறையப் பேர். கேட்டால் நேரமே கிடைக்கவில்லை என்பார்கள். அந்த நேரத்தை டிக்கெட் போடுவதற்கு முன்பே கேட்டு வாங்கியிருக்க வேண்டும், போய் இறங்கிய பிறகு தேடினால் கிடைக்காது.

வேலை வெள்ளிக்கிழமை முடிகிறதென்றால், ஞாயிறு திரும்புகிறேன், கூடுதல் இரண்டு இரவுக்கான செலவு என்னுடையது என்று மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள், வாய்வார்த்தையாக விட்டுவிடாதீர்கள். வெள்ளி திரும்பினால் விமானக் கட்டணம் எவ்வளவு, ஞாயிறு என்றால் எவ்வளவு என்று ஒரே நேரத்தில் பார்த்து இரண்டு ஸ்கிரீன்ஷாட்டையும் சேர்த்து வைத்தால் பிறகு கணக்குப் பிரிவில் கேள்வி கேட்டாலும் காட்டலாம். கம்பெனி எடுத்த காப்பீடு சொந்த நாட்களுக்கும் செல்லுமா என்று விசாரியுங்கள், செல்லாது என்றால் அந்த நாட்களுக்குத் தனியாக எடுத்துவிடுங்கள். விசா விண்ணப்பத்திலும் முழுத் தேதிகளையே எழுதுங்கள். பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவில் அனுமதித்த நாட்களில் சொந்த நாட்களும் சேர்ந்துதான் எண்ணப்படும்.

சரி, எதைப் பார்ப்பது? ஒரே ஒரு இடம். ஐந்து இடம் என்று பட்டியல் போட்டால் ஐந்தையும் வாசலோடு பார்த்துவிட்டு வருவீர்கள். ரோமில் பழைய அரங்கமான கொலோசியத்தின் டிக்கெட்டிலேயே பக்கத்திலுள்ள ரோமன் ஃபோரமும் பாலடைன் குன்றும் சேர்ந்து வரும், நிதானமாக நடந்தால் அதற்கே அரை நாள் போய்விடும். அந்த டிக்கெட்டில் உங்கள் பெயர் இருக்கும், அதனால் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். பெரிய பைகளை உள்ளே விடமாட்டார்கள் என்பதால் பெட்டியை ஹோட்டலிலேயே விட்டுச் செல்லுங்கள்.

இடம் முடிவானதும் அதன் விடுமுறை நாளைப் பாருங்கள், பலரும் கோட்டை விடுவது இங்கேதான். பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும், வெர்சாய் அரண்மனை திங்கட்கிழமை, தாஜ்மகால் வெள்ளிக்கிழமை. வாடிகன் அருங்காட்சியகம் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் திறக்காது, ஆகவே ரோமில் மிச்சமிருப்பது ஞாயிறு மட்டும் என்றால் கொலோசியத்துக்குப் போங்கள். ஸ்பெயினில் கிரானடாவின் அல்ஹம்ப்ரா கோட்டையில் நஸ்ரித் அரண்மனைகளுக்கு டிக்கெட்டிலேயே நேரம் போட்டிருக்கும், அதைத் தவறவிட்டால் அங்கே நுழைய முடியாது. மீட்டிங் முடிந்து ஓடிப்போய் பிடிக்கலாம் என்று நினைக்காமல் வேலையில்லாத நாளில் வையுங்கள்.

கூடுதல் நாள் கிடைக்கவே இல்லையென்றாலும் ஒரு வழி இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். கிழக்கிலிருந்து மேற்கே பறந்தால் முதல் சில நாட்கள் விடியுமுன்பே தூக்கம் கலைந்துவிடும். படுத்துப் புரளாமல் எழுந்து நடங்கள். ரோமில் 1762இல் கட்டி முடித்த ட்ரெவி நீரூற்றின் எதிரில் பகலில் தோள் இடிக்காமல் நிற்க முடியாது. விடியற்காலையில் தண்ணீர் விழும் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு நிற்கலாம், எட்டு மணிக்குள் ஹோட்டலுக்குத் திரும்பிக் குளித்துவிட்டு வேலைக்குப் போகலாம். மேற்கிலிருந்து கிழக்கே போனால் இதற்கு நேரெதிர், ராத்திரியில் தூக்கம் வராது, பாரிஸ் என்றால் ஈஃபில் கோபுரம் இருட்டிய பிறகு மணிக்கு ஒருமுறை மின்னுவதைப் பார்க்கப் போகலாம். லூவ்ரும் புதன், வெள்ளியில் இரவு ஒன்பது வரை திறந்திருக்கிறது.

விமானம் ஏறும் நாளில் மட்டும் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சுற்றினால் கண்முன் இருப்பது எதுவும் மனதில் நிற்காது.