முன்னுரிமைப் பங்குக்குப் போக மிச்சம் எவ்வளவு? டிவிடெண்ட் பிரிக்கும் கணக்கு

கால்குலேட்டரை எடுப்பதற்கு முன், முன்னுரிமைப் பங்குகளை (டிவிடெண்ட் வாங்கும் வரிசையில் முதலில் நிற்கும் பங்குகளை) வெளியிட்டபோது எழுதிய நிபந்தனைகளை எடுத்துப் படியுங்கள். டிவிடெண்ட் விகிதம் எவ்வளவு, ஒரு பங்குக்கு எவ்வளவு செலுத்தப்பட்டிருக்கிறது, கொடுக்காமல் விட்ட ஆண்டின் தொகை நிலுவையாகக் குவியுமா, மிச்ச லாபத்திலும் பங்கு உண்டா என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். குவியுமா குவியாதா என்று எதுவும் சொல்லாவிட்டால் குவியும் என்றே எடுத்துக்கொள்வது வழக்கம். மிச்சத்தில் பங்கு உண்டா என்பதில் இது தலைகீழ். வெளிப்படையாக எழுதியிருந்தால் மட்டுமே உண்டு.

அடுத்து, பிரிக்க என்ன இருக்கிறது என்று பாருங்கள். இந்தியக் கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 123-ன்படி தேய்மானம் கழித்த லாபத்திலிருந்துதான் டிவிடெண்ட் கொடுக்கலாம். முந்தைய ஆண்டுகளின் நஷ்டம் இருந்தால் முதலில் அதைச் சரிக்கட்ட வேண்டும். வங்கிக் கணக்கில் பணம் இருக்கிறது என்பதற்காகக் கொடுத்துவிட முடியாது. பிரிக்கத்தக்க லாபம் இல்லாத ஆண்டில் முன்னுரிமைப் பங்குதாரருக்கும் இதே கதிதான். அவருக்கு இருப்பது வரிசையில் முதலிடம். கடன் கொடுத்தவருக்கு வட்டி கேட்க இருக்கும் உரிமை அவருக்கு இல்லை.

இனி ஒரு கணக்கு. ஒரு நிறுவனத்தில் ரூ.100 முகமதிப்புள்ள 8% முன்னுரிமைப் பங்குகள் 50,000 இருக்கின்றன, மூலதனம் ரூ.50 லட்சம். ரூ.10 முகமதிப்புள்ள ஈக்விட்டி (சாதாரண) பங்குகள் 10 லட்சம்; மூலதனம் ரூ.1 கோடி. எல்லாம் முழுவதும் செலுத்தப்பட்டவை. முன்னுரிமைப் பங்குகளுக்கு ஆண்டுக்குச் சேர வேண்டியது ரூ.4 லட்சம். முதல் ஆண்டு டிவிடெண்ட் இல்லை. எல்லாருக்குமாகப் பிரிக்க இருப்பது இரண்டாம் ஆண்டு ரூ.6 லட்சம், மூன்றாம் ஆண்டு ரூ.16 லட்சம்.

குவியும் வகை என்றால் முதல் ஆண்டின் ரூ.4 லட்சம் நிலுவையாக நிற்கும். இரண்டாம் ஆண்டில் வரும் ரூ.6 லட்சத்தில் பழைய நிலுவை ரூ.4 லட்சத்தை முதலில் தீர்க்க வேண்டும். மீதி ரூ.2 லட்சமும் அந்த ஆண்டுக் கணக்கில் முன்னுரிமைப் பங்குகளுக்கே போய்விடும். ஈக்விட்டிக்கு ஒரு பைசா இல்லை. அதன் பிறகும் ரூ.2 லட்சம் நிலுவை பாக்கி. மூன்றாம் ஆண்டில் நிலுவை ரூ.2 லட்சம், நடப்பு ஆண்டுக்கு ரூ.4 லட்சம், ஆக ரூ.6 லட்சம் முன்னுரிமைப் பங்குகளுக்கு, அதாவது பங்குக்கு ரூ.12. மிச்சம் ரூ.10 லட்சம் ஈக்விட்டிக்கு, பங்குக்கு ரூ.1.

குவியாத வகை என்றால் முதல் ஆண்டு போனது போனதுதான். இரண்டாம் ஆண்டு முன்னுரிமைப் பங்குகளுக்கு ரூ.4 லட்சமும் ஈக்விட்டிக்கு ரூ.2 லட்சமும், மூன்றாம் ஆண்டு அதே வரிசையில் ரூ.4 லட்சமும் ரூ.12 லட்சமும். மூன்று ஆண்டையும் கூட்டினால் முன்னுரிமைப் பங்குகளுக்கு ரூ.12 லட்சத்துக்குப் பதில் ரூ.8 லட்சம். அந்த வித்தியாசம் முழுக்க முதல் ஆண்டின் ரூ.4 லட்சம். உங்கள் கணக்கு சரியா என்று பார்க்க இப்படிக் கூட்டிப் பார்ப்பது நல்ல வழி.

அதிகம் தடுமாறுவது, குவிவதோடு மிச்சத்திலும் பங்குபெறும் வகையில்தான். மூன்றாம் ஆண்டையே எடுத்துக்கொள்வோம். ரூ.6 லட்சம் கொடுத்த கையோடு மீதியைப் பிரித்துவிடக் கூடாது. வழக்கமான நிபந்தனைப்படி ஈக்விட்டிக்கும் முதலில் அதே 8% போக வேண்டும்: ரூ.1 கோடிக்கு ரூ.8 லட்சம். இப்போது கையில் ரூ.2 லட்சம். அதை 50:100 என்ற மூலதன விகிதத்தில் பிரித்தால் ரூ.66,667-ம் ரூ.1,33,333-ம். நிலுவைத் தொகையை இந்த விகிதத்துக்குள் கொண்டுவரக் கூடாது. பங்குகளின் எண்ணிக்கையை வைத்தும் பிரிக்கக் கூடாது. முகமதிப்பு 100-ம் 10-மாக இருக்கும்போது எண்ணிக்கையை வைத்துப் பிரித்தால் ஈக்விட்டிக்கு அநியாயமாகக் கூடிவிடும்.

முன்னுரிமைப் பங்குகளின் மொத்தம் ரூ.6,66,667; ஐம்பதாயிரத்தால் வகுத்தால் ரூ.13.3333. பங்குக்கு ரூ.13.33 என்று அறிவித்தால் போவது ரூ.6,66,500. ஈக்விட்டிக்கு ரூ.9,33,333, பங்குக்கு 93 பைசா என்றால் ரூ.9,30,000. ஆக டிவிடெண்டை அறிவிக்கும் தீர்மானத்தில் வர வேண்டியது ரூ.15,96,500, ரூ.16 லட்சம் அல்ல. பங்குக்கு எவ்வளவு என்று முதலில் பைசா வரை முடிவு செய்துவிட்டு, அதைப் பெருக்கி வரும் மொத்தத்தையே தீர்மானத்தில் எழுதுங்கள். மீதி ரூ.3,500 உபரியிலேயே (பிரிக்காத லாபத்திலேயே) இருக்கட்டும்.

முன்னுரிமைப் பங்கை ரூ.20 பிரீமியத்தில் (முகமதிப்புக்கு மேல் வாங்கும் தொகை) ரூ.120-க்கு வெளியிட்டிருந்தாலும் 8% என்பது ரூ.100-க்குத்தான். ஆண்டின் நடுவில் வெளியிட்ட பங்குக்கு, நிபந்தனையில் வேறு மாதிரி இல்லாவிட்டால், நாள் கணக்கு. அக்டோபர் 1-ல் வெளியிட்டால் மார்ச் 31 வரை 182 நாள் (லீப் ஆண்டில் 183), ரூ.4 லட்சத்தில் 182/365, அதாவது ரூ.1,99,452.

நிலுவையைக் கடனாகப் பதிவு செய்வது இன்னொரு தவறு. அறிவிக்கும் வரை அது பொறுப்பு ஆகாது. இருப்புநிலைக் குறிப்பின் விளக்கக் குறிப்புகளில் தொகையைக் காட்டினால் போதும். இந்த் ஏ.எஸ். (Ind AS) என்ற இந்தியக் கணக்கியல் தரநிலைகளைப் பின்பற்றும் நிறுவனத்தில் மட்டும் கவனம் வேண்டும். கட்டாயம் திருப்பித் தர வேண்டிய முன்னுரிமைப் பங்கு அங்கே கடனாகவே கருதப்படலாம். அப்போது அதன் டிவிடெண்ட் நிதிச் செலவில் போகும். அறிவித்த பிறகு போடும் பதிவு எளிது: உபரிக் கணக்கில் பற்று, முன்னுரிமை டிவிடெண்ட், ஈக்விட்டி டிவிடெண்ட் இரண்டையும் தனித்தனியாக, செலுத்த வேண்டிய கணக்குகளில் வரவு.

நிலுவையை இழுத்தடித்தால் அதற்கும் விலை உண்டு. இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ டிவிடெண்ட் கொடுக்காமல் விட்டால், பிரிவு 47-ன்படி அந்த வகை முன்னுரிமைப் பங்குதாரர்கள் எல்லாத் தீர்மானங்களிலும் வாக்களிக்கலாம். குடும்ப நிறுவனங்களில் இதைக் கவனிக்காமல் விட்டுவிட்டுப் பொதுக்கூட்டத்தில் விழிப்பவர்கள் உண்டு.

அறிவித்த ஐந்து நாளுக்குள் முழுத் தொகையும் தனி வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும். 30 நாளுக்குள் பங்குதாரர் கைக்குச் சேர வேண்டும். அப்படியும் யாரும் வாங்காத தொகையை அடுத்த ஏழு நாளுக்குள், செலுத்தப்படாத டிவிடெண்டுக்கான தனிக் கணக்குக்கு மாற்றுங்கள். அங்கே ஏழு ஆண்டு கேட்பாரற்றுக் கிடந்தால் முதலீட்டாளர் கல்வி, பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும்.